அது பூச்சி அல்ல

மலேசியாவின் பாரிட் புந்தார் வட்டாரத்தில் சில பெண்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மார்பில் பூச்சிக் கட்டி வருமாம். கவனிக்காமல் விட்டால் அது முற்றிப் புற்றுநோய் ஆகிவிடுமாம். கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெண்களுக்கு ஆரோக்கிய வகுப்பு நடத்த வந்த ஒரு தாதி, "இந்தக் கதை இங்க மட்டும் எப்படி டாக்டர் வந்துச்சு?" என்று என்னிடமே கேட்டார். தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரியும். கிளப்பிவிட்டவன் நான்.

கிளினிக்கை மூடிவிட்டேன். ஓய்வு பெற்ற டாக்டர் பேனாவை எடுத்தால் காப்பாற்றிய உயிர்களைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். என்னிடமும் அப்படிச் சில கதைகள் உண்டு. விருந்துகளில் சொல்லிச் சொல்லி அவற்றுக்கு மெருகேறிவிட்டது. மெருகேறாமல் கிடப்பது இந்த ஒன்றுதான்.

நான் தோட்டத்துப் பிள்ளை. அப்பா அம்மா இருவரும் பால் மரம் வெட்டியவர்கள். டிரெஸ்ஸர் வரிசையில் நிற்க வைத்துப் பூச்சி மருந்து ஊற்றுவதும், அதைத் துப்பாமல் விழுங்கினோமா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் நான் கண்ட முதல் மருத்துவம். பிறகு மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டுக்குப் போனேன். அங்கே பயிற்சி மருத்துவனாக இருந்தபோது மார்பில் சிறு கட்டியோடு ஒரு கிராமத்துப் பெண் வந்தார். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் எல்லாரும் சாதாரண நார்க்கட்டி என்றுதான் நினைத்திருந்தோம். எடுத்து வெட்டியபோது உள்ளே ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பை. தோல் உரித்த நுங்கு போலக் கண்ணாடியாக இருந்தது. உள்ளே தெளிந்த நீர், சுவரோரம் ஒரு வெள்ளைப் புள்ளி. "இது என்ன?" என்று பேராசிரியர் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "பன்றி நாடாப்புழுவின் குஞ்சு. அந்தப் புள்ளி அதன் தலை" என்றார். அந்தக் கணத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் முகம் இப்போது நினைவில் இல்லை. பேராசிரியரின் முகம் இருக்கிறது. என் கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது படுகிறது.

அன்று அவர் நடத்திய பாடத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் மக்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மார்பிலும் மூளையிலும் பை உண்டாவது அந்த வழியில் அல்ல. குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. அவை கழுவாத கையிலோ கீரையிலோ தண்ணீரிலோ ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வாய்க்குள் போனால், பன்றியின் உடம்பில் நடக்க வேண்டியது மனித உடம்பில் நடக்கிறது. முட்டை பொரிந்து, குஞ்சு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு பயணம் செய்து, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் தங்கிப் பையாகிறது. எப்போதாவது மார்பிலும் தங்குகிறது. ஆகவே பன்றியைக் கண்ணால் பாராத சுத்த சைவருக்கும் இது வரலாம். நியூயார்க்கில் பன்றி இறைச்சியை அறவே தொடாத யூதக் குடும்பங்களில் மூளையில் இந்தப் பை இருந்ததை 1992இல் வெளியிட்டார்கள்; வீட்டு வேலைக்கு வந்தவர்கள் மூலம் முட்டைகள் பரவியிருக்க வேண்டும் என்று கண்டார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்த மாவட்டத்து வலிப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள்: ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வலிப்பின் காரணம் இந்தப் புழுப் பைதான். மூளையில் அவ்வளவு. மார்பிலோ, உலகம் முழுவதும் தேடித் திரட்டினாலும் விரல்விட்டு எண்ணுகிற மாதிரிதான் அறிக்கைகள் கிடைக்கும்.

அந்த விரல்களில் ஒன்றாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பாரிட் புந்தாரில் கிளினிக் திறந்தவனுக்கு இது பொருந்தாத ஆசை. ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு. இன்னும் கொஞ்சம் போனால் பினாங்கின் நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்ளும் ஊர். 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்ததிலிருந்து சுற்றிலும் நெல். அதற்கும் முன்பே கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய்ச் செம்பனை. என்னிடம் வந்தது சர்க்கரை, இரத்த அழுத்தம், முட்டி வலி, பிள்ளைகளின் சளி, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல், எப்போதும் சம்சுச் சாராயத்தால் கெட்ட ஈரல். ஒரு நல்ல குடும்ப டாக்டருக்கு இவை போதும். எனக்குப் போதவில்லை.

அப்படியிருக்க ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தது. பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த நேப்பாளப் பெண் ஒருவர் மார்பில் கட்டி என்று வந்தார். சிறிய கட்டி, மேல்கையில் தோலுக்கடியில் அதே மாதிரி இன்னொன்று. எனக்குப் பேராசிரியர் நினைவுக்கு வந்தார். "புழுப் பையாக இருக்கலாம், தயவுசெய்து பார்க்கவும்" என்று கடிதம் எழுதி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள்; மெல்லிய ஊசியால் குத்தித் துளி நீரை எடுத்துக் கண்ணாடித் தட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தார்கள். புழுத் தோலின் அலையலையான மடிப்பும், அதைச் சுற்றி ஈசினோபில் என்னும் சிவப்பு மணி கொண்ட வெள்ளை அணுக்களும் தெரிந்தன. உடனே மருந்தைக் கொடுத்துவிடவில்லை. முதலில் கண்ணைப் பரிசோதித்து, மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணிலோ மூளையிலோ பை இருக்கும்போது புழுவைக் கொல்லும் மருந்து கொடுத்தால், சாகிற புழு கிளப்பும் வீக்கத்தில் பார்வை போகலாம், வலிப்பு வரலாம். இரண்டு இடத்திலும் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் சிகிச்சை.

இதில் என் பங்கு ஒரு கடிதம். நோயின் பெயரைச் சொன்னது ஊசி. ஊசி எடுத்துத் தந்ததை நுண்ணோக்கியில் பார்த்துப் படித்தவர், நான் இன்றுவரை நேரில் சந்திக்காத ஒரு நோய்க்கூறு மருத்துவர். ஆனால் டாக்டர்கள் கூடும் விருந்துகளில் நான் சொன்ன கதையில் அவர் இல்லை, ஊசியும் இல்லை. "கையால தொட்ட உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்று இருந்தது.

அந்தக் கதைக்கு வலுச் சேர்க்க நிப்பா வைரஸையும் இழுப்பேன். 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ சுற்றுவட்டாரப் பன்றிப் பண்ணைகளில் ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் நோய் கண்டவர்கள் பெரும்பாலும் பண்ணையில் வேலை செய்யும் பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே இருமிச் செத்தன. ஒன்றும் பொருந்தவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்குப் பரவி, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் போய்விட்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். "பாத்தீங்களா? எல்லாரும் தெரிஞ்ச நோயின்னு நினைச்சாங்க. அரிய நோயை நினைச்சுப் பாக்கிற டாக்டர்தான் டாக்டர்" என்று முடிப்பேன். கைதட்டாத குறை. சுவா காவ் பிங் அதை யூகித்துச் சொல்லவில்லை, நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்டினார் என்பதை நான் சொல்லாமல் விட்டுவிடுவேன். மறந்து விட்டது அல்ல. அதைச் சொன்னால் என் கதை சப்பென்று போய்விடும்.

இந்த நிலையில்தான் ஓர் அக்கா வந்தார்.

அவரை எனக்குப் பல காலமாகத் தெரியும். பால் மரம் வெட்டி, பிறகு செம்பனையில் உதிர்ந்த பழம் பொறுக்கி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஐம்பதை ஒட்டிய வயது. "மார்ல ஒரு கட்டி இருக்கு டாக்டர். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். தாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். வழவழப்பான கட்டி, விரலுக்கு நகர்ந்து கொடுத்தது. கர்ப்பிணிகளுக்காக வாங்கிப் போட்டிருந்த ஸ்கேன் இயந்திரத்தை வைத்துப் பார்த்தேன். திரையில் கறுப்பாக நீர்ப் பை. அதன் சுவரில் ஒட்டியபடி வெள்ளையாக ஒரு முடிச்சு.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை மறைக்காமல் எழுத வேண்டும்: ஒரு பெண் மார்பில் கட்டியோடு என் முன்னால் படுத்திருக்கிறார், நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். பை இருக்கிறது, தலை இருக்கிறது. என்னுடைய இரண்டாவது கேஸ்.

அடுத்து நடந்ததெல்லாம் பொருந்துவதைச் சேர்ப்பதும் பொருந்தாததைத் தள்ளுவதும்தான். இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் சற்றுக் கூடுதல், சேர்த்துக்கொண்டேன். வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலோடு நடந்தவர்களில் பலருக்கு அது கூடுதலாகத்தான் இருக்கும், கொக்கிப்புழு போதும், ஆஸ்துமா போதும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கட்டி மூன்று சென்டிமீட்டரை நெருங்கியது. புழுப் பை அவ்வளவு பெரிதாவது அரிது. சுற்றிலும் வீக்கம் இருக்கும் என்று தள்ளினேன். அவர் ஊரை விட்டு எங்கும் போனதில்லை, உடம்பில் வேறெங்கும் முடிச்சு இல்லை, தள்ளினேன். அந்த வெள்ளை முடிச்சுக்குள் இரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க இயந்திரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. புழுவின் தலைக்குள் நம் இரத்தம் ஓடாது. கட்டியின் சதைக்குள் ஓடும். அந்தப் பொத்தானை நான் அழுத்தவில்லை. அழுத்த மறந்தேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கை அதன் பக்கம் போய்த் திரும்பியது நினைவிருக்கிறது.

"கேன்சரா டாக்டர்?"

"இல்லக்கா. பூச்சி மாதிரி தெரியுது."

"மார்லயா? பூச்சியா?" அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. "பூச்சின்னா பரவால்ல. அப்ப தைப்பிங் ஆஸ்பத்திரி அங்க இங்கன்னு போவ வேணாமா?"

"வேணாம்க்கா. மருந்து தரேன்."

பிற்காலத்தில் இதற்கு நான் வைத்திருந்த சமாதானங்கள் அழகானவை. அக்காவுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம், ஒரு நாள் கூலி போகும், பஸ் பிடிக்க வேண்டும், அதனால் இரக்கப்பட்டேன் என்பது ஒன்று. இன்னொன்று கொஞ்சம் படிப்பு வாசனையோடு இருந்தது: ஒருவேளை நாய் நாடாப்புழுவின் பையாக இருந்தால் ஊசி குத்தக் கூடாதே! நாய்க்கும் ஆட்டுக்கும் இடையில் சுற்றும் அந்தப் புழு மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும்தான் பெரும்பாலும் தங்கும். மார்பில் வருவது அந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவரைவிடவும் மிகக் குறைவு. பை கசிந்தால் உள்ளே உள்ள நீர் கடும் ஒவ்வாமையைக் கிளப்பி ஆளைச் சாய்த்துவிடலாம், சிந்திய இடத்தில் புதிய பைகள் முளைக்கலாம். இது உண்மை. அதனால்தான் அறுவைச் சிகிச்சையில் சுற்றிலும் அடர்ந்த உப்புநீரில் நனைத்த துணி வைத்து, பையை உடையாமல் முழுதாக எடுக்கிறார்கள். முன்னும் பின்னும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். அந்தச் சந்தேகம் உண்மையில் எனக்கு இருந்திருந்தால் ஈரலை ஸ்கேன் செய்திருக்க வேண்டும், அக்காவை அன்றே அனுப்பியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. ஊசியைத் தவிர்க்க ஒரு கௌரவமான காரணம் தேவைப்பட்டது, பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். ஊசி வேண்டாம் என்று நினைத்ததற்கு மெய்யான காரணம், அது இல்லை என்று சொல்லிவிடுமோ என்ற பயம்.

அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், காலையும் மாலையும், நான்கு வாரம். கண்ணைப் பரிசோதிக்கவில்லை, மூளையை ஸ்கேன் எடுக்கவில்லை. நேப்பாளப் பெண்ணுக்கு அந்த ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகச் செய்ததை அறிந்தவன் நான். என் யூகம் சரியாக இருந்திருந்தால்கூட, நான் செய்தது ஆபத்தான வைத்தியம்தான். அன்றிரவு கணினியில் உட்கார்ந்து மருத்துவ இதழுக்கு ஒரு கட்டுரையின் முதல் பத்தியை எழுதினேன். தலைப்பும் வைத்தாயிற்று.

மருந்து முடிந்தபோது கட்டி சிறுத்தது போலத் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அளந்து எழுதி வைக்கவில்லை. "கொறைஞ்சிருக்குக்கா" என்றேன். அவரும் தொட்டுப் பார்த்து ஆமாம் என்றார். டாக்டர் சொன்ன பிறகு யார்தான் இல்லை என்பார்?

சில மாதம் கழித்து மகளோடு வந்தார். கட்டி வளர்ந்து தோலை இழுத்துப் பிடித்திருந்தது. அக்குளில் கல் மாதிரி ஒரு கணு. இந்த முறை ஸ்கேன் இயந்திரத்துக்கு வேலையில்லை. அனுப்பினேன், பருத்த ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். உள்ளே நீர்க் குழி வைத்து வளர்ந்த வகை. நான் தலை என்று கொண்டாடியது கட்டியின் உயிருள்ள சதை. வேகமாக வளரும் சில புற்றுநோய்கள் ஓரம் வழவழப்பாக, உருண்டையாக, சாதுவான கட்டி போலவே தோன்றும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நீரும் சதையும் கலந்த பை என்றால் ஊசி போட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்பதும் இருக்கிறது.

மார்பகத்தை முழுதாக எடுத்தார்கள், அக்குளைத் துப்புரவு செய்தார்கள், கீமோவும் கதிர்வீச்சும் நடந்தன. அக்கா உயிரோடு இருக்கிறார். நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை வீங்கிவிட்டது. இறுக்கமான உறை போட்டுக்கொள்கிறார். அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்க முடியாது. முதல் நாளே அனுப்பியிருந்தால் அக்குள் தப்பியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாதுதான். அந்தச் சந்தேகத்தின் நிழலில் நான் நிறைய நாள் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு உரிய நிழல் அல்ல.

இதுவரை சொன்னது பிழை. இனிச் சொல்வதுதான் குற்றம்.

பயாப்சி முடிவு வந்த அன்று மகள் கேட்டாள்: "அன்னிக்குப் பூச்சின்னு சொன்னீங்களே டாக்டர்?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது: நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் அம்மா. அதற்குப் பதிலாக, "பூச்சிதான்மா இருந்துச்சு. சில நேரம் அது இப்படி மாறிடும்" என்றேன். தடுமாறாமல் வந்தது. உடனே ஆதாரமும் தயார். சில புழுக்கள் புற்றுநோய்க்குக் காரணமாவது நிஜம்: தாய்லாந்தின் ஈசான் பகுதியில் பச்சை ஆற்றுமீன் தின்பதால் வரும் ஈரல் தட்டைப்புழு பித்தநாளப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது, ஆப்பிரிக்காவில் இன்னொரு தட்டைப்புழு சிறுநீர்ப்பைப் புற்றுநோயை. இந்த அரை உண்மையை எடுத்து என் முழுப் பொய்க்குப் போர்த்தினேன். மார்பில் தங்கும் எந்தப் புழுவும் மார்பகப் புற்றுநோயாக மாறுவதில்லை.

அக்கா அதை நம்பினார். சிகிச்சைக்குப் போன இடத்தில், கோயிலில், கல்யாண வீட்டில், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அவருக்கு அது ஒரு எச்சரிக்கை. நல்ல மனதோடு செய்த காரியம். "எனக்குப் பூச்சிக் கட்டிதான் வந்துச்சு. மருந்து இன்னும் நாலு வாரம் சேர்த்துச் சாப்பிட்டிருந்தா மாறியிருக்காது." பெண்கள் என் கிளினிக்குக்கு வரத் தொடங்கினார்கள், கட்டியைக் காட்ட அல்ல, பூச்சி மருந்து வாங்க. ஊசிப் பரிசோதனை வேண்டும் என்று நான் சொன்னால், "குத்தினா பூச்சி கலைஞ்சு பரவிடுமாமே" என்றார்கள். ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்ற பழைய பயம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அதற்கு நான் ஒரு பூச்சியையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். பெரும்பாலோரை வற்புறுத்தி அனுப்பினேன். ஒருவர் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் திரும்பி வரவே இல்லை. நான் தேடிப் போகவும் இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கூட்டம் கூடக் கூடாது, எங்கே போய்ச் சொல்வது என்று அதில் ஒளிந்துகொண்டேன். ஆணை நீங்கியது. நான் வெளியே வரவில்லை.

கிளினிக்கை மூடிய பிறகுதான் அக்கா வீட்டுக்குப் போனேன். "பசியாறினீங்களா டாக்டர்?" என்று கேட்டுத் தோசை சுட உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதையும் ஒதுக்கிச் சொல்லிவிட்டேன். முதல் நாளிலிருந்து அது புற்றுநோய்தான், பூச்சி எப்போதும் இருந்ததில்லை, ஊசி போடச் சொல்லாதது என் தப்பு, பிறகு மாறிவிட்டது என்று சொன்னது பொய்.

அவர் அழுவார், திட்டுவார், மன்னித்தேன் என்பார் என்று என்னென்னவோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவருக்குத் தைத்தது வேறு.

"அப்ப நான் ஊரெல்லாம் சொன்னது பொய்யா?"

"ஆமாக்கா."

"எத்தன பொம்பளைங்ககிட்ட சொல்லியிருப்பேன்! அதுங்க என்ன நம்பிச்சே. என்ன ஏன் டாக்டர் பொய் சொல்ல வச்சீங்க?"

பதில் இல்லை. தோசை தீய்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "நான் ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்ல முடியாது. என் கையும் இப்பிடி. நீங்க எழுதுங்க. என் பேரு வேணாம்" என்றார். மன்னிப்பைப் பற்றிப் பேச்சே எழவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். பூச்சிக் கட்டி என்று ஒன்றே கிடையாதா என்று இப்போது நீங்கள் கேட்கலாம். உண்டு. பன்றி நாடாப்புழுவும் நாய் நாடாப்புழுவும் பற்றி மேலே சொன்னேன். யானைக்கால் புழுவும் மார்பில் முடிச்சு உண்டாக்கும். தமிழ்நாட்டில் கியூலெக்ஸ் கொசு பரப்பும் வகை, இங்கே நம் சதுப்பு நிலங்களில், லார்வாப் பருவத்தில் நீர்த்தாவர வேரைத் துளைத்து மூச்சுவிடும் மான்சோனியா கொசு பரப்பும் வகை. உயிருள்ள புழுக்கள் ஸ்கேனில் நெளிந்து ஆடுவது தெரியும். ஊசியில் எடுத்த நீரில் குஞ்சுகள் கிடைக்கும். டைஈதைல்கார்பமசின் மருந்துக்குக் கேட்கும். நான்காவதாக ஸ்பார்கானம் என்னும் புழு. 1882இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் பிணப் பரிசோதனையில் கண்டது. காய்ச்சாத குளத்து நீரைக் குடிப்பதாலும், தவளை பாம்பை அரைவேக்காட்டில் தின்பதாலும், பச்சைத் தவளைச் சதையைப் புண்ணில் கட்டுவதாலும் வரும். கொரியாவில் பெண்கள் மார்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இதற்கு மருந்து சரிவரக் கேட்காது. அறுத்துத் தலையோடு எடுக்க வேண்டும்.

நான்கு புழுக்களுக்கும் சிகிச்சை வேறு வேறு. ஒன்றுக்கு ஒரு மாத்திரை, இன்னொன்றுக்கு வேறு மாத்திரை, ஒன்றுக்குக் கத்தி, ஒன்றுக்குக் கத்திக்கு முன்னும் பின்னும் மாத்திரை. எது என்று தெரியாமல் தொடங்கினால் எந்தச் சிகிச்சையும் சிகிச்சை அல்ல. தெரிந்துகொள்ள வழி மூன்று: கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசி போட்டுச் சதையையோ நீரையோ எடுத்துப் பார்ப்பது. மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். நான் முதல் இரண்டோடு நிறுத்தினேன். அந்த இரண்டிலும் நான் பார்க்க விரும்பியதைத்தான் பார்த்தேன். நாய்ப்புழுச் சந்தேகம் இருந்தால் ஊசிக்கு முன் என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும் என்பது பெரிய ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும். ஊசியால் புற்றுநோய் பரவிவிடும் என்று பயந்து அதைத் தவிர்ப்பவர் இழப்பது காலத்தைத்தான்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் மார்பில் புழுப் பையைக் காணாமலே ஓய்வு பெறலாம், பெரும்பாலோர் அப்படித்தான். மார்பகப் புற்றுநோயோ மலேசியப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய். தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2012 முதல் 2016 வரையான அறிக்கைப்படி, கண்டறியப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் வந்தார்கள். அப்படித் தாமதமானதற்குப் பயம், ஏழ்மை, நாட்டு வைத்தியம் என்று காரணம் சொல்வோம். அந்த எண்ணிக்கைக்கு ஒரு டாக்டரின் ஆசையும் ஓர் ஆளைச் சேர்த்திருக்கிறது.

என்னிடம் பூச்சி மருந்து கேட்டு வந்தவர்களே, அக்கா சொல்லக் கேட்டவர்களே, அக்கா சொன்னதைக் கேட்டவர்களிடம் கேட்டவர்களே: மார்பில் கட்டி தட்டுப்பட்டால் மாத்திரை வாங்க வேண்டாம். எந்த டாக்டராவது தொட்டுப் பார்த்துவிட்டோ ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டோ பெயர் சொன்னால், "ஊசி போட்டுப் பாக்கணுமா டாக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள், தேவையில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். மருந்துக் கடைக்குப் போன அந்த அம்மா இதைப் படித்தாலோ, யாராவது படித்துக் காட்டினாலோ, நாளைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான். வாகனம் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து அழைத்துப் போகிறேன்.